பள்ளியில் அடி வாங்கும் மகனுக்குத் தற்காப்பு வகுப்பு தீர்வாகுமா?

சிங்கப்பூர் வாசகி ஒருவர் அனுப்பிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

அவருடைய மகனுக்கு ஒன்பது வயது, தொடக்கநிலை 3. அதிகம் பேசாத பிள்ளை. ஆஸ்துமா உண்டு, கிட்டப்பார்வைக்கு 400 டிகிரி கண்ணாடி போடுகிறான். மூன்று மாதமாக வகுப்பில் இரண்டு பையன்கள் அவனைக் குறிவைத்துத் தொல்லை தருகிறார்கள். பென்சில் பெட்டியைப் பறிக்கிறார்கள், இடைவேளையில் கேண்டீன் வரிசையிலிருந்து தள்ளிவிடுகிறார்கள், கழிப்பறை வாசலில் வழிமறிக்கிறார்கள். போன மாதம் முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தவன், “டீச்சர்கிட்ட சொல்லாதீங்கம்மா” என்று அழுதிருக்கிறான். கணவரோ, “ஒரு தடவை திருப்பி அடிச்சா தன்னால அடங்கிடுவானுங்க” என்று கொரியக் கலையான டேக்வாண்டோவும், பல சண்டை முறைகள் கலந்த எம்எம்ஏவும் சேர்த்துக் கற்றுத்தரும் ஒரு மையத்தின் இலவச வகுப்புக்கு அவனை அழைத்துப் போயிருக்கிறார். அங்கே இரண்டு ஆண்டுக்கு 3,600 வெள்ளியை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டில் கறுப்பு பெல்ட் நிச்சயம், தனித்திறனைப் பார்த்து உயர்நிலைப் பள்ளிகள் இடம் தரும் நேரடிச் சேர்க்கைக்கும் அது உதவும் என்கிறார்கள். பிள்ளை முரடனாகிவிடுவான் என்று மாமியார் தடுக்கிறார். ஆறு வயது மகள் தானும் போக வேண்டும் என்று அடம்பிடிக்க, “பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. சேர்க்கலாமா, சேர்த்தால் எதில் சேர்ப்பது, ஆஸ்துமா தாங்குமா என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாய்.

அன்புள்ள சகோதரி,

வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்லப் போகிறேன். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம். பெற்ற பிள்ளையை இன்னொருவன் தள்ளிவிட்டான் என்று கேட்டால் எந்த அப்பாவுக்கும் ரத்தம் கொதிக்கும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிப்பவர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையை ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது சரியில்லை. அது நம் வேலை. பள்ளிப் பிரச்சினையை இந்த வாரமே கையில் எடுங்கள். தற்காப்பு வகுப்பைப் பற்றி அதன் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டாம்.

முதலில் பள்ளிக்கூடம்

இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை மாதக்கணக்கில் தொல்லைப்படுத்துவதைப் பிள்ளைச் சண்டை என்று விட்டுவிட முடியாது. அது பகடிவதை. வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு உதையும் தடுப்பும் உடம்பில் படியவே வெகுகாலம் ஆகும். அதுவரை அவன் நிலைமை என்ன? அரைகுறையாகக் கற்ற உதையைக் கழிப்பறையின் ஈரத் தரையில் முயன்று பார்த்து, வழுக்கி, முகம் கழுவும் தொட்டியின் விளிம்பில் தலை மோதினால் பாதிப்பு அவனுக்குத்தான். திருப்பி அடித்துத் தோற்றுவிட்டாலோ, “அப்பா சொல்லிக்கொடுத்தும் என்னால முடியலையே” என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு அவன் உங்களிடம்கூட வாய் திறக்க மாட்டான்.

சட்டத்தையும் உங்கள் கணவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தன் உடம்பைக் காத்துக்கொள்ளும் உரிமை சிங்கப்பூரின் குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த நேரத்து ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் அது செல்லும். நேற்றுத் தள்ளியவனை இன்று போய் உதைப்பது தற்காப்பில் சேராது. அப்படிச் செய்தால் பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கை உங்கள் மகன் மீதும் பாயலாம். குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயது இங்கே 10. அவன் அந்த வயதை நெருங்குகிறான்.

நடந்ததை எல்லாம் தேதி, இடம், பார்த்தவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சிராய்ப்பைப் படம் எடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரில் சந்திக்க நேரம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் அது மற்றச் செய்திகளுக்குள் காணாமல் போய்விடும். சந்திப்பில், “கவனிச்சுக்கிறோம்” என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இடைவேளையில் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள், வகுப்பில் இடம் மாற்ற முடியுமா, தொல்லை வந்தால் அவன் எந்த ஆசிரியரிடம் நேராகப் போகலாம், அடுத்து எந்தத் தேதியில் பேசப் போகிறோம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் பள்ளிகளில் ஆலோசகர் இருக்கிறார். உங்கள் மகனை அவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் துணை முதல்வர், முதல்வர் என்று மேலே போகத் தயங்காதீர்கள். பலமாக அடித்தால், மிரட்டல் தொடர்ந்தால், காவல்துறைக்கும் போகலாம். 2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டமும் இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாமல் பெரும்பாலும் பள்ளியிலேயே முடிந்துவிடும்.

“சொல்லாதீங்கம்மா” என்று அவன் கெஞ்சினானே, அதற்கு என்ன செய்வது? மறைத்துச் செய்யாதீர்கள். “நான் டீச்சர்கிட்ட பேசத்தான் போறேன். ஆனா என்ன பேசப் போறேன்னு உங்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் போவேன்” என்று சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாததை வெளியாரிடம் சொல்ல விரும்பினால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் நடத்தும் டிங்கிள் ஃபிரெண்ட் உதவித் தொலைபேசி இருக்கிறது: 1800-2744-788.

இன்னொன்று, மருத்துவராகக் கேட்கிறேன். கழிப்பறை வாசலில் மறிக்கிறார்கள் என்கிறீர்கள். அவன் பள்ளியில் சிறுநீர் கழிக்கிறானா, அல்லது வீடு வரும்வரை அடக்கிக்கொள்கிறானா? இப்படிப் பயந்து அடக்கும் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் தொடங்கும். ஞாயிறு இரவில் வயிற்றுவலி, தூக்கத்தில் படுக்கையை நனைப்பது, திடீரென்று பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லுங்கள்.

முரடனாகிவிடுவானா?

உங்கள் மாமியாரின் பயத்தை வீண் பயம் என்று தள்ள மாட்டேன். எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது.

2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு பள்ளியின் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு வழக்கமான உடற்கல்வியும் மறுபாதிக்கு டேக்வாண்டோவும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். டேக்வாண்டோ பழகியவர்களிடம் தன்னடக்கமும் வகுப்பறை நடத்தையும் கூடுதலாக மேம்பட்டன. 1986இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. சட்டச் சிக்கலில் மாட்டிய பதின்ம வயதுப் பையன்களில் ஒரு குழுவுக்கு மரியாதை, தியானம், அசைவு வரிசை எல்லாம் சேர்ந்த பழைய முறையில் டேக்வாண்டோ கற்றுத் தந்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சண்டை நுணுக்கம் மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவின் மூர்க்கம் குறைந்தது. இரண்டாம் குழு முன்பைவிட மோசமானது. 2005இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வும் குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்காசியத் தற்காப்புக் கலைகளில் சேர்ந்த 11 முதல் 13 வயதுப் பையன்களிடம் அடாவடி நடத்தை கூடியதைக் கண்டது.

ஆகவே உங்கள் மாமியார் சொல்வதும் நடக்கக்கூடியது, அதற்கு நேர்மாறானதும் நடக்கக்கூடியது. “திருப்பி அடிக்கக் கத்துக்கோ” என்று சொல்லி அனுப்பினால் பிள்ளை அதைத்தான் கற்றுக்கொண்டு வருவான்.

இந்த வயதில் வகுப்பு தரும் நன்மைகள் வேறு. ஒரு காலில் நிலையாக நிற்பது, இடது வலது குழம்பாமல் உடம்பைத் திருப்புவது, முறை வரும்வரை பொறுத்திருப்பது, வயிற்றிலிருந்து குரல் எழுப்பிக் கத்துவது. அதிகம் பேசாத பிள்ளைக்கு இந்தக் கடைசிப் பழக்கம் பெரிய விஷயம். “நிறுத்து, கிட்ட வராதே!” என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் இருக்கும் பக்கம் நடக்கத் தெரிவதுதான் அவனுக்கு இப்போது தேவைப்படும் தற்காப்பு. இதையெல்லாம்விட நான் மதிப்பது, அவனுக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு நண்பர் கூட்டம் கிடைப்பதை. அங்கே அவனை யாரும் அடி வாங்குகிற பையனாகப் பார்க்க மாட்டார்கள்.

மூச்சு, கண், தலை

ஆஸ்துமா இருப்பதால் விளையாடக் கூடாது என்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கும் தவறான எண்ணம். கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமா எந்தப் பயிற்சிக்கும் தடையில்லை. அவனுக்கு உடனடி நிவாரணம் தரும் நீல நிற இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறதா, இரவில் இருமி எழுகிறானா என்று பாருங்கள். ஆம் என்றால் முதலில் மருத்துவரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்யுங்கள், வகுப்பு அடுத்த மாதம் ஆகட்டும். பயிற்சிக்கு முன் இன்ஹேலர் போடச் சொல்லியிருந்தால், சுமார் 15 நிமிடத்துக்கு முன் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்துப் போடுங்கள். ஓடி முடித்து ஓய்ந்த சில நிமிடங்களில்தான் இழுப்பு அதிகமாகத் தெரியும். அதனால் வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பாமல் கொஞ்சம் உட்கார வைத்துப் பாருங்கள். இன்ஹேலர் அவன் பையில் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று பயிற்றுநருக்கும் தெரியட்டும்.

கண்ணாடியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. ஒன்பது வயதில் 400 டிகிரி என்றால் இன்னும் ஏறக்கூடும். 500, 600 டிகிரியைத் தாண்டும்போது விழித்திரை மெலிந்து, தலையிலோ கண்ணிலோ விழும் அடியில் கிழியும் அபாயம் கூடுகிறது. சேர்க்கும் முன் கண் மருத்துவரிடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். சாதாரணக் கண்ணாடியோடு மோதல் பயிற்சி வேண்டவே வேண்டாம். பாலிகார்பனேட் வில்லை போட்ட விளையாட்டுக் கண்ணாடி கிடைக்கிறது. வகுப்பு பெரும்பாலும் குளிர்சாதன அறைக்குள் நடக்கும் என்பதையும் மறக்காதீர்கள். கிட்டப்பார்வை ஏறாமலிருக்கப் பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே, பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று இங்கே அறிவுறுத்துகிறோம். வகுப்பை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவையும் வாரம் இரண்டு வகுப்பு மட்டும் எட்டாது. புளோக்குக்குக் கீழே பந்து விளையாடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து தலை. தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் எலும்பு முறிவையும் குறைக்கும், ஆனால் மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகள் முதலில் மோதல் இல்லாத பயிற்சியில் தேர வேண்டும், போட்டியும் மோதலும் அதன் பிறகுதான் என்கிறது. எம்எம்ஏவில் உள்ள தலையடி ஆபத்தையும் எடுத்துச் சொல்கிறது. நானும் அதே கருத்துதான்: இந்த வயதில் எம்எம்ஏ வேண்டாம். எந்த வகுப்பிலும் தலையில் அடிபட்டுத் தலைவலி, தலைசுற்றல், குழப்பம் இருந்தால் அன்றைக்கு மறுபடி பாய்க்கு ஏறக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தி, மயக்கம், எழுப்பினால் எழாத தூக்கம் என்றால் நேராகக் கேகே மருத்துவமனை போன்ற இடத்தின் சிறார் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எந்தக் கலை, எந்த ஆசிரியர்?

ஏறக்குறைய எல்லாக் கலையிலும் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை உண்டு. கராத்தேயில் கத்தா, டேக்வாண்டோவில் பூம்சே, சீனக் கலையான வூஷுவில் தவுலு, மலாய்க் கலையான சீலாட்டில் துங்கால். உங்கள் மகன் இதில் தொடங்குவது நல்லது. டேக்வாண்டோ போட்டியில் தலையில் விழும் உதைக்கு உடலில் விழுவதைவிட அதிகப் புள்ளி என்பதால், போட்டிக் குழுவுக்கு இழுத்தால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். ஜூடோவை நான் தனியாகச் சொல்வேன். 1882இல் ஜப்பானில் கானோ ஜிகோரோ தொடங்கிய அந்தக் கலையில், தலை தரையில் மோதாமல் விழுவதற்கு முதலில் பழக்குகிறார்கள். ஒருவன் குத்தினால் தடுக்க வேண்டிய நேரம் பிள்ளையின் வாழ்க்கையில் அபூர்வம். படிக்கட்டிலும் சைக்கிளிலும் விழுவது அன்றாடம். கழுத்துப் பிடியையும் கைமூட்டு முறுக்கலையும் சிறு பிள்ளைகளுக்குத் தராத வகுப்பா என்று மட்டும் கேளுங்கள்.

நம் சிலம்பமும் இங்கே கற்றுத் தரப்படுகிறது. கம்பைத் தனியாகச் சுற்றும் காலம் முழுவதும் யார் மேலும் அடி படாது. காலடியும் மணிக்கட்டும் நன்றாகப் பழகும், தமிழ் பேசும் ஆசானும் கிடைப்பார். ஆனால் கம்பு மோதும் கட்டத்தில் கண்ணுக்குப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், வீட்டுத் தாழ்வாரத்தில் கம்பு சுற்ற விடாதீர்கள்.

இருந்தாலும் கலையைவிட ஆசிரியரைப் பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன். சேர்வதற்கு முன் ஒரு முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம். தடுமாறும் பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார், மற்றப் பிள்ளைகள் சிரித்தால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் மகனுக்கு இது மிக முக்கியம். பள்ளியில் படும் அவமானத்தை மாலையிலும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. அரசின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்றுநர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா, முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். கால் விரிய வேண்டும் என்று மேலே ஏறி அழுத்துவது, போட்டிக்காக எடையைக் குறைக்கச் சொல்வது, வளரும் பிள்ளையிடம் இரண்டும் கூடாது.

அந்த 3,600 வெள்ளி

கட்டாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஆசை இரண்டு ஆண்டுக்கு நிலைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மையம் மூடினாலும் ஆசிரியர் மாறினாலும் முன்பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. மாதக் கட்டணமோ ஒரு தவணைக் கட்டணமோ போதும். சமூக மன்ற வகுப்புகளை முதலில் பாருங்கள். தொடக்கநிலை 3இலிருந்து இணைப்பாட நடவடிக்கை தொடங்கும் பள்ளிகள் பல. உங்கள் பள்ளியில் வூஷுவோ டேக்வாண்டோவோ இருந்தால் அதையும் விசாரியுங்கள். சீருடை, பெல்ட் தேர்வு, போட்டிக் கட்டணம் எல்லாம் தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

“நிச்சயம் கறுப்பு பெல்ட்” என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. தேர்வு வைப்பதற்கு முன்பே தேர்ச்சியை விற்கிறார்கள். டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் முறைப்படி 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடைப்பது ‘பூம்’ தரம், அதன் பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. நேரடிச் சேர்க்கைக்கும் ஒரு பெல்ட் கதவைத் திறந்துவிடாது. அந்தக் கலையை எடுக்கும் பள்ளிகள் சிலவே. அவையும் பிள்ளையை வரவழைத்து, செய்து காட்டச் சொல்லி, போட்டி அனுபவத்தையும் பார்த்துத்தான் எடுக்கும். அந்தச் சேர்க்கை நடக்கும் தொடக்கநிலை 6ஐ மனதில் வைத்து இப்போதே அவனைத் துரத்த வேண்டாம். டியூஷனும் வகுப்பும் சேர்ந்து இரவுத் தூக்கம் 9 மணி நேரத்துக்குக் கீழே போனால் ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.

மகளைப் பற்றி

ஆறு வயது தொடங்குவதற்கு ஏற்ற வயதுதான். காலை உயர்த்தி உதைப்பதால் பெண் பிள்ளையின் உடம்புக்குக் கெடுதல் வரும், பின்னாளில் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்ற அச்சத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. பூப்பெய்தும் முன்பும் அந்தச் சமயத்திலும் குதித்து ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு எலும்பு உறுதிப்படுகிறது. பெண்களுக்கு முதுமையில் எலும்பு தேய்வதை நினைத்தால், அவளுக்கு அண்ணனைவிட இது கூடுதலாகவே தேவை. உங்கள் மாமியாரை வகுப்புக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். வாதம் செய்வதைவிட அது நல்லது.

ஆணோ பெண்ணோ, ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். நிலையைத் திருத்த ஆசிரியர் தொடுமுன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். தனியறைக்கு அழைப்பது, பிள்ளைக்கு நேராகச் செய்தி அனுப்புவது, “அம்மாகிட்ட சொல்லாதே” என்பது, இவற்றில் எது நடந்தாலும் அன்றே உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். விளையாட்டில் இத்தகைய புகார்களைக் கையாள ஸ்போர்ட் சிங்கப்பூரின் பாதுகாப்பான விளையாட்டு ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது.

ஆனால் இருவரையும் ஒரே வகுப்பில் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். அவள் துடுக்கானவள் என்று எழுதியிருக்கிறீர்கள். சீக்கிரம் பிடித்துக்கொண்டு அண்ணனை முந்திவிடுவாள், வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். உங்கள் மகனுக்கு இப்போது அது தாங்காது. அவன் முதலில் தனியாகப் போகட்டும். அவளுக்கு வேறு நாள், முடிந்தால் வேறு கலை. சில மாதம் கழித்து, தங்கையும் தன் வகுப்புக்கு வரலாமா என்பதை அவனே சொல்லட்டும்.